கம்பனி வளர்கிறது, பெரட்டுக்களம் வளர்ந்ததா?

ஒவ்வொரு வருடமும் பெருந்தோட்டக் கம்பனிகள் வருடாந்த அறிக்கை வெளியிடுகின்றன. வழுவழுப்பான தாளில் பல வர்ணங்களில் அச்சாகும் அந்தப் புத்தகங்களில் நம் பெண்களின் படத்துக்குக் குறைவில்லை. முதுகில் கூடை, கையில் கொழுந்து, முகத்தில் சிரிப்பு. தொழிலாளர்களே கம்பனியின் பெரிய சொத்து என்று ஒரு பக்கம் சொல்லும். அடுத்த பக்கங்களில் புதிய முதலீடுகள் வரிசையாக வரும்: நீர்மின் நிலையம், உல்லாசப் பயணிகளுக்காகத் திருத்திய துரை பங்களா, கறுவாத் தோட்டம், வெளிநாட்டுக்குப் போகும் தேயிலைப் பெட்டி.

கம்பனி வளர்வதில் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. கம்பனி நொடிந்தால் முதலில் பட்டினி கிடப்பது நாம்தான். நாம் கேட்பது வேறு. கம்பனி வளரும்போது அதற்குள் வேலை செய்யும் மனிதருக்குக் கிடைக்கும் மரியாதையும் சேர்ந்து வளர்ந்ததா? காலையில் பெரட்டுக்களத்தில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, அவளுடைய அம்மா அதே இடத்தில் நின்ற நாளைவிட இன்று என்ன மாறியிருக்கிறது?

சம்பளத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதியிருக்கிறோம். இனியும் எழுதுவோம். இந்த முறை சம்பளச் சீட்டில் வராத விஷயங்களைப் பேச வேண்டியிருக்கிறது. வளர்ந்து வரும் ஒரு கம்பனியின் தோட்டங்களில் வேலை செய்யும் நம் அங்கத்தவர்களுடன் லயத்து வாசலிலும் கோயில் திண்ணையிலும் உட்கார்ந்து பேசினோம். கம்பனியின் பெயரை எழுதவில்லை. சொன்னவர்கள் மறுநாள் காலை அதே பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் என்பது ஒரு காரணம். படிக்கும் ஒவ்வொருவரும் இது நம்ம தோட்டம்தானே என்று நினைப்பீர்கள் என்பது இன்னொரு காரணம்.

முதலில் வந்தது பேச்சு. "சம்பளம் கொறைஞ்சா வயிறுதான் காயுது. இவுங்க பேசுற பேச்சுல மனசு செத்துப் போகுது" என்றார் 50 வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருடைய மகனைவிட வயது குறைந்த வெளிக்கள உத்தியோகத்தர் அவரை "ஏய்" என்றும் "நீ" என்றும்தான் கூப்பிடுகிறார். பெயர் தெரியாமல் இல்லை. செக்ரோலில் தினமும் அந்தப் பெயரைத்தானே எழுதுகிறார்.

அதே தோட்டத்தின் இன்னொரு டிவிசனில் புதிதாக வந்த ஒரு உத்தியோகத்தர் எல்லாரையும் அக்கா, அம்மா, அண்ணன் என்று கூப்பிடுகிறார். வேலையில் கண்டிப்பானவர்தான். பிழை என்றால் பிழை என்பார். ஆனால் அந்த டிவிசனில் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். மழை நாளிலும் மலை வெறுமையாகக் கிடப்பதில்லை. மரியாதையாகப் பேச கம்பனிக்கு ஒரு சதம் செலவில்லை. அந்த நடத்தையை அந்த ஒரு மனிதரின் நல்ல குணத்துக்கு விட்டுவிடாமல், கம்பனியின் விதியாக ஏன் ஆக்கக்கூடாது?

அடுத்தது தராசு. பழைய தொங்கு தராசு போய் பல இடங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் தராசு மாறியும் கழிவு மாறவில்லை. பைக்கு என்று ஒரு கழிவு, தண்ணிக்கு என்று ஒரு கழிவு, மழை பெய்தால் அதற்கு மேலும் ஒரு கழிவு. கொழுந்தில் ஈரம் இருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. நியாயமான கழிவுக்கு நாம் எதிரியும் இல்லை. எவ்வளவு கழிக்கிறார்கள், எந்த அளவுகோலில் கழிக்கிறார்கள் என்று யாரும் சொல்லாததுதான் பிரச்சினை. கேட்டால், "விருப்பம்னா போடு, இல்லாட்டி கொண்டு போ" என்று பதில்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாளுக்கு மூன்று முறை கொழுந்து நிறுக்கிறார்கள். நியாயமான கழிவுக்கு மேல் ஒவ்வொரு முறையும் 1 கிலோ போனால் நாளுக்கு 3 கிலோ. மாதத்தில் 20 நாள் வேலை என்றால் 60 கிலோ. நாள் அளவு 20 கிலோ என்று வைத்திருக்கும் தோட்டத்தில் அது மூன்று நாள் உழைப்பு. 50 பேர் கொழுந்தெடுக்கும் டிவிசனில் மாதத்துக்கு 3000 கிலோ. 1 கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து போகிறது. அப்படியானால் 600 கிலோவுக்கு மேல் தேயிலை, எடுத்தவர்களின் பெயரில் ஏறாத கொழுந்திலிருந்து வருகிறது. இது ஓர் உதாரணக் கணக்குத்தான். உங்கள் தோட்டத்துக் கணக்கு கூடலாம், குறையலாம். அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

இன்னொரு விஷயத்தைக் கூச்சத்தோடு சொன்னார்கள். கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. காலையிலிருந்து மாலை வரை மலையில் நிற்கும் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. பக்கத்துக் கான், பற்றை, இல்லாவிட்டால் அடக்கிக்கொண்டு வீடு வரை காத்திருக்க வேண்டும். அதனால் வெயில் நாளிலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் அரைப் பேர் போனாலும் பரவாயில்லை என்று வீட்டில் நிற்கிறார்கள். சிறுநீர்க் கடுப்பு, வயிற்று வலி என்று மருந்துக்கு அலைகிறார்கள். "வேலைக்கி வர்றது கொறைவு" என்று கம்பனி நம்மைக் குறை சொல்கிறதே, அதன் காரணங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. உல்லாசப் பயணிகளின் பங்களாவுக்குச் சுடுதண்ணீர்க் குழாய் போட முடிந்த நிர்வாகத்துக்கு, மலைக்கு ஒரு மலசலகூடம் கட்ட முடியாதா?

குளவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குளவி கொட்டி உயிர் போன செய்தி மலையகத்தில் புதிதல்ல. கூடு இருக்கும் மரம் எது என்று மலைக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். சொல்லியும் இருக்கிறார்கள். "பாத்துப் போங்க" என்பதற்கு மேல் ஒன்றும் நடக்காது. கொட்டிய பிறகு லொறி தேட வேண்டும், சாரதி தேட வேண்டும். கொழுந்து ஏற்றும் லொறி நேரம் தவறாமல் வருகிறது. ஆளை ஏற்ற வேண்டிய வாகனத்துக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வேலை நேரத்தில் நடக்கும் விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. சம்பவம் நடந்த அன்றே எழுத்தில் பதியாவிட்டால் அந்த உரிமையை நிரூபிப்பது கஷ்டம். இதை எல்லாத் தலைவர்மாரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டோம். சிரித்தார்கள். முறைப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அது ஒபிஸ் சன்னலுக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறது. யார் கடுதாசி போடுகிறார்கள் என்று உள்ளே இருப்பவர்கள் பார்க்கலாம். முறைப்பாடு எந்த உத்தியோகத்தரைப் பற்றியதோ, அதை விசாரிப்பதும் அவருக்குப் பக்கத்து மேசைக்காரர். சொன்னவருக்கு மறுநாள் தூரத்து மலை கிடைக்கும், கொழுந்தில்லாத நிரை கிடைக்கும். எந்தக் கடிதமும் இல்லாமல், எந்தச் சட்டத்தையும் மீறாதது போல் கொடுக்கும் தண்டனை இது. இப்படி ஒருவர் தண்டனை பட்டால் அதைப் பார்க்கும் நூறு பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

சான்றிதழ் கொடுக்கும் பரிசோதகர்கள் வரும் நாளின் கதையும் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மருந்தடிக்கும் ஆட்களுக்குக் கையுறையும் முகமூடியும் வரும். பிள்ளை மடுவத்தில் சவர்க்காரம் இருக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தைய நாளே சொல்லிவிடுவார்கள். கார் கேட்டைத் தாண்டியதும் கையுறை ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விடும். அந்தச் சான்றிதழால்தான் நம் தேயிலைக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கிறது. நாம் சொன்ன ஒரு பொய்க்கு அதில் பங்கிருக்கிறது. அப்படிப் பொய் சொல்ல வைப்பதற்கு இனி நாம் இணங்கக்கூடாது.

நல்லதையும் எழுதாவிட்டால் இந்தப் பக்கத்தை யாரும் நம்பமாட்டார்கள். அதே கம்பனியின் சில தோட்டங்களில் மலையில் ஓய்வுக் கூடம் கட்டியிருக்கிறார்கள். நிறுத்த உடனே நிறையைத் துண்டில் அச்சடித்துக் கொடுக்கும் தராசு சில இடங்களில் இருக்கிறது. சில டிவிசன்களில் பெண்கள் கங்காணிகளாக வந்திருக்கிறார்கள். அங்கே கொழுந்தெடுக்கும் பெண்கள் தங்கள் கஷ்டத்தைத் தயங்காமல் சொல்கிறார்கள். ஆக, செய்ய முடியாது என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது. ஒரு தோட்டத்தில் முடிந்தது பக்கத்துத் தோட்டத்திலும் முடியும்.

நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1992இல் கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பேற்றபோது மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அவற்றில் வேலை செய்தார்கள். இன்று அதில் பாதிக்கும் குறைவு. ஆள் இல்லை என்று கம்பனிகள் புலம்புகின்றன. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் பிள்ளையிடம் ஏன் போனாய் என்று கேட்டோம். சம்பளத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வாள் என்று நினைத்தோம். "அங்க என்னைய பேரு சொல்லிக் கூப்புடுறாங்க" என்றாள்.

நகரம் சொர்க்கமும் இல்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை. நியமனக் கடிதம் இல்லாத பிள்ளைகள், சேமலாப நிதி கட்டாத முதலாளிகள், அறை வாடகையிலும் பஸ் காசிலும் கரையும் சம்பளம் என்று அங்கேயும் கதை நீளம். ஊரைவிட்டுப் போன பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 3. கடைக்கும் இதே சட்டம்தான், தோட்டத்துக்கும் இதே சட்டம்தான்.

இந்த விஷயங்களை ஏன் இப்போது எழுதுகிறோம்? 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபாவாகியது. அதோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2024இல் அது 1350 ரூபாவாகியதும் சபை ஊடாகத்தான். சம்பள நிர்ணய சபை சம்பளத்தை நிர்ணயிக்கும். ஆனால் கூட்டு ஒப்பந்தம் சம்பளத்தோடு நிற்கும் கடுதாசி அல்ல. வேலை நிபந்தனைகளையும், பிணக்கு வந்தால் யாரிடம் போய் எப்படிப் பேசித் தீர்ப்பது என்பதையும் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட இடம் அது. அந்தக் கடுதாசி இல்லாமல் போனதும், நாள் அளவு எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, அரைப் பேர் எப்போது என்பதெல்லாம் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு துரையின் வாய்ச்சொல்லாகிவிட்டது. சம்பளம் கூடிய மாதமே நாள் அளவும் கூடியதை நம்மில் பலர் பார்த்தோம்.

காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து, பராமரிப்பைத் தொழிலாளியிடம் விட்டு, கொழுந்தின் நிறைக்கு மட்டும் பணம் கொடுக்கும் முறைதான் எதிர்காலம் என்று கம்பனிகள் பேசுகின்றன. சில இடங்களில் தொடங்கியும் விட்டார்கள். அதன் நல்லது கெட்டதைத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒரு கேள்வி போதும். நாட்சம்பளம் இருக்கும்போதே தராசை நம்ப முடியவில்லை என்றால், தராசு காட்டும் நிறையை வைத்தே அடுப்பெரிக்க வேண்டிய நாளில் நம் கதி என்ன? அந்தப் பேச்சுக்குப் போவதற்கு முன்னால் தராசைச் சரிசெய்தாக வேண்டும்.

மரியாதையைத் தோட்டத்தில் யாரும் நமக்குத் தானமாகத் தந்ததில்லை. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தபோது, தோட்டத்துக்குள் காலெடுத்து வைப்பதே குற்றமாக இருந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் உயிர்விட்டார். தோட்டத்துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டதும் அதே வருடத்தில்தான். ஒரே மலையில் ஒரே வேலை செய்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. இவை ஒவ்வொன்றும் முடியாது என்று முதலில் சொல்லப்பட்டவைதான்.

விரலைக் கம்பனியை நோக்கி மட்டும் நீட்டினால் அது நியாயமில்லை. நம் சங்கத்தைப் பற்றியும் அங்கத்தவர்கள் சொன்னார்கள். சந்தா தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத் தலைவர்களில் எத்தனை பேர் பெண்கள்? ஒபிஸில் பேசிவிட்டு வரும் சில தலைவர்மார் என்ன பேசினோம் என்று பெரட்டில் சொல்வதில்லை. ஒரு பெண் தன்னிடம் உத்தியோகத்தர் தப்பாகப் பேசியதைச் சொன்னபோது, "பெருசாக்காத, ஒனக்குத்தான் பேர் கெடும்" என்று நம் ஆள் ஒருவரே சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது. கம்பனியிடம் மரியாதை கேட்பதற்கு முன்னால் அதை நம் சங்கத்துக்குள் கொடுத்துப் பழக வேண்டும்.

ஆகவே, நாம் நிர்வாகங்களிடம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று: கழிவு எவ்வளவு என்பதை தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, நிறுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒட்ட வேண்டும். நிறையைத் துண்டில் எழுதித் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். வெறும் பையை நம் கண் முன்னால் நிறுத்துக் காட்ட வேண்டும்.

இரண்டு: மலையில் வேலை செய்யும் பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு மலசலகூடமும் மழைக்கு ஒதுங்க ஒரு கூடமும் வேண்டும்.

மூன்று: குளவிக் கூடு பற்றி அறிவித்தால் அந்த மலையில் வேலை நிற்க வேண்டும். அதற்காகப் பேர் வெட்டக்கூடாது. அவசர வாகனம் எது, சாரதி யார் என்பது பெரட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு: முறைப்பாட்டை விசாரிக்கும் குழுவில் தொழிலாளர்களும், அவர்களில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும். முறைப்பாடு செய்தவரின் மலையையும் நிரையையும் காரணம் சொல்லாமல் மாற்றக்கூடாது.

ஐந்து: தொழிலாளியைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்பது உத்தியோகத்தர்களின் வேலை நிபந்தனையாக எழுத்தில் வர வேண்டும்.

இந்த ஐந்தும் எழுதிக் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்துக்குள் திரும்ப வர வேண்டும். அதற்கு நம்மிடம் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பிள்ளைகள் எழுதும் ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பியை வாங்குங்கள். திகதி, மலை, தராசு காட்டிய நிறை, செக்ரோலில் ஏறிய நிறை, கழிவுக்குச் சொன்ன காரணம் என்று ஐந்து கோடு போடுங்கள். ஒரு மாதத்துக்கு எழுதுங்கள். கொப்பி மாதர் தலைவியிடம் இருக்கட்டும். எழுதத் தயங்கும் அம்மாமாருக்குப் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மாத முடிவில் அதை மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். நிர்வாகத்தோடு பேசும் மேசையிலும், தேவைப்பட்டால் தொழில் திணைக்களத்திலும் அந்தக் கொப்பியை வைத்துத்தான் பேசப்போகிறோம். எந்தக் கொப்பியில் யார் சொன்னதும் அவர் சம்மதமில்லாமல் வெளியே வராது. அது நம் பொறுப்பு.

வருடாந்த அறிக்கையில் நம் படம் வருவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தில் இருக்கும் அம்மாவை மறுநாள் காலை பெரட்டில் "ஏய்" என்று கூப்பிடக் கூடாது. அவர் எடுத்த கொழுந்து எத்தனை கிலோவோ, அத்தனையும் அவர் பெயரில் ஏற வேண்டும். இந்த மாதம் முதல் நாள் பெரட்டுக்கு அந்தக் கொப்பியோடு போவோம்.